முட்டை பொரிக்கும் சட்டி

புத்தளம் மாவட்டத்தில், மதுரங்குளியை அடுத்த கனமூலையில், நடுத்தரமான ஒரு வீட்டின் குசினியை எட்டிப் பார்த்தால் நான்கு விதமான சட்டிகளைக் காணலாம். அடுப்பங்கரையிலே கரிபடிந்த மண்சட்டி. ஆணியிலே மாட்டிய இரும்புத் தாச்சி. கழுவிக் கவிழ்த்த அலுமினியச் சட்டி. கறுப்புப் பூச்சு உரிந்த பின்னும் வீச மனம் வராத ஒரு நொன்ஸ்டிக் சட்டி. பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைக்கு அவசரமாக ஓர் ஒம்லட் பொரிக்க வேண்டுமாயின், வீட்டுக்காரி இவற்றுள் ஒன்றைக் கையிலெடுக்கிறாள். எதை எடுப்பது என்பது அற்பமான விடயமாகத் தோன்றலாம். ஆனால் இந்நான்கும் நான்கு வேறு காலங்களில், நான்கு வேறு உற்பத்தி முறைகளில் பிறந்தவை. ஒரே சுவரோரத்தில் ஒன்றாகச் சேர்ந்து கிடப்பதாலே அவற்றின் வயதை நாம் மறந்துவிடுகிறோம்.

நல்ல சட்டியைத் தெரிந்தெடுப்பது எப்படி என்று மனைப்பொருளியல் படிக்கும் மாணவியர் கேட்பதுண்டு. விலை, பாரம், கைபிடி, அடிப்பாகத்தின் தடிப்பு என்று பதில் சொல்லிக்கொண்டு போகலாம். அவை யாவும் வேண்டியவையே. எனினும், முட்டை பொரிக்கும் சட்டியைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்றுண்டு. அது சட்டியின் முகத்தைப் பற்றியது.

முட்டையின் வெண்கருவில் நீருக்கு அடுத்தபடியாக இருப்பது புரதம். ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தைக் கடந்ததும் சுருண்டு கிடக்கும் புரத இழைகள் அவிழ்ந்து, ஒன்றையொன்று பற்றி இறுகத் தொடங்குகின்றன. அவ்வாறு அவிழும்போது அவை ஒன்றையொன்று மட்டும் பற்றுவதில்லை. அடியிலுள்ள உலோகத்தையும் பற்றிக்கொள்கின்றன. உலோகத்தின் முகத்திலே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுள் இறங்கி உறைந்த புரதத்தைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இறைச்சியோ மீனோ ஓரளவு ஒட்டினாலும் சமாளிக்கலாம். ஒம்லட் ஒட்டினால் அது ஒம்லட் அன்று. ஆகவே முட்டைக்கும் சட்டிக்கும் இடையே ஏதேனும் ஒன்றைப் பரப்ப வேண்டும். அந்த ஏதேனும் ஒன்றை யார் செய்தார், தேய்ந்து போனால் யார் புதுப்பிப்பார், அதற்குரிய விலையை யார் கொடுத்தார் என்று தேடிப் போனால் சட்டியின் வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கிக் கிடப்பதைக் காணலாம்.

ஒம்லட் என்ற சொல்லே உலோகத்திலிருந்து பிறந்தது. மெல்லிய தகடு, கத்தியின் அலகு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று வாய்க்கு வாய் மாறி இவ்வடிவத்தை அடைந்தது என்பர். அதன் வேர் இலத்தீனில் உள்ள ‘லாமெல்லா’. தகடு போல் மெல்லியதாய் விரிந்த முட்டை என்று பெயரிட்டிருக்கிறார்கள். மெல்லியதாய் விரிய வேண்டுமாயின் சட்டி விரைவாகவும் சமமாகவும் சூடேற வேண்டும். மண்சட்டியால் அது இயலாது.

மண்சட்டியைக் குறைத்துச் சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. எமது மாவட்டத்திலேயே, வடக்கே வில்பத்துக் காட்டுக்குள், பொம்பரிப்பு என்னும் இடத்தில் ஈமத்தாழிகள் புதைந்து கிடந்தன. 1950களிலும் மீண்டும் 1970இலும் அங்கு அகழ்ந்தவர்கள் எலும்புகளோடு கருஞ்சிவப்பு மட்கலங்களையும் இரும்பு, செம்புப் பொருள்களையும் கண்டனர். பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுள்ளனர். கடல் இருகரையையும் பிரிக்கவில்லை, சேர்த்தே வைத்தது என்பதற்கு அந்தத் தாழிகள் சாட்சி. கருஞ்சிவப்புக் கலங்களைச் செய்த குயவர்கள் சுடுவதற்கு முன்னரே மண்ணின் முகத்தைத் தேய்த்து மெருகேற்றினார்கள். மெருகேற்றிய முகத்திலே நுண்துளைகள் அடைபடும். நீர் கசிவது குறையும். உணவு ஒட்டுவதும் குறையும். சட்டியின் முகத்தைப் பற்றிய கவலை அவ்வளவு பழையது.

இன்றும் புதிய மண்சட்டி வாங்கியவுடன் அதில் நேரே கறி ஆக்குவதில்லை. கஞ்சியோ தேங்காய்ப்பூவோ இட்டுக் காய்ச்சி, ஊறவைத்து, ‘பழக்கி’ எடுக்கிறார்கள். ஆப்பச்சட்டியைப் பழக்குவதற்கு இன்னும் பொறுமை வேண்டும். பழகிய ஆப்பச்சட்டியில் முட்டை உடைத்து ஊற்றினால், அடியில் மா இருப்பதால் ஒட்டாது. மூடி போடுவதால் மேலேயும் வேகும். முட்டை ஆணம் மண்சட்டியில் காய்ச்சினால்தான் ருசி என்பதை இப்பகுதியில் மறுப்பார் இல்லை. சங்ககாலத்திலும் அப்பம் சுட்டு விற்ற கூவியர் இருந்தனர் என்பதைப் பெரும்பாணாற்றுப்படை வாயிலாக அறிகிறோம். ஆயினும் மெல்லிய முட்டைத் தகட்டுக்கு உலோகமே பொருத்தம்.

உலோகத்தோடு உலோகத்தின் நோயும் வந்தது. 1226ஆம் ஆண்டிலே பாக்தாத் நகரில் முகம்மது இப்னுல் ஹசன் அல்பக்தாதி என்பவர் ஒரு சமையல் நூலை எழுதி முடித்தார். சமையற்காரன் எத்தகைய பாத்திரத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதை அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் வரிசைப்படுத்துகிறார்: முதலிடம் கல்லாற் செய்த பாத்திரத்துக்கு, அதற்கடுத்தது மண்பாண்டம், வேறு வழியின்றேல் ஈயம் பூசிய செம்பு. ஈயப்பூச்சுப் போன செம்புப் பாத்திரத்திலே சமைத்த உணவைப்போல் அருவருப்பானது வேறில்லை என்பது அவருடைய தீர்ப்பு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, பூச்சு உரிந்த சட்டியின் ஆபத்தை அந்த மனிதர் எவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கிறார்! முட்டையை அடித்துச் சட்டியிற் பொரிக்கும் ‘உஜ்ஜா’ என்னும் பண்டம் இடைக்கால அரபுச் சமையல் நூல்களில் பல வகையாக இடம்பெறுகிறது. பிரெஞ்சுக்காரர் ஒம்லட்டைத் தமதென்று கொண்டாடுவதில் எமக்கு வழக்கில்லை. பாக்தாதிலும் அது பொரிந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அந்த அரபு உலகத்துக்கு எமது கரை அந்நியமானதன்று. 1344இல் இப்னு பதூதா இலங்கையிலே வந்திறங்கிய ‘பத்தாலா’ என்பது புத்தளமே என்று அறிஞர் கொள்வர். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக்களைக் காட்டியதை அப்பயணி எழுதிவைத்துள்ளார். மன்னன் காட்டிய முத்துக்கள் நூலில் இடம்பெற்றன. அன்று சோறாக்கியவளின் சட்டி இடம்பெறவில்லை. பயணக் குறிப்புகள் அப்படித்தான்.

தாச்சி என்ற சொல்லைப் போர்த்துக்கேயரின் ‘தாஷோ’ என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவர். குசினி, பாண், அலுமாரி, கோப்பை என்று அவர்களிடமிருந்து எமது வீட்டுக்குள் நுழைந்து குடியேறிய சொற்கள் பல. கற்பிட்டியிலே பின்னர் ஒல்லாந்தர் 1667இற் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் நிற்கிறது. ஆயினும் கோட்டையைவிடக் குசினிச் சொற்களே ஆழமாக வேரூன்றின. சொல் வந்ததென்பதால் இரும்பிலே சட்டி செய்யும் அறிவும் அவர்களோடுதான் வந்தது என்று கொள்ளலாகாது. சமனலவெவப் பகுதியிலே மலைச்சரிவில், பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய உலைகளைக் கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அகழ்ந்து, 1996இல் உலகுக்கு அறிவித்தார். ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அவ்வுலைகள் எரிந்தன. கொல்லனின் அறிவு இந்நாட்டு மண்ணில் ஆயிரமாண்டுகளுக்கு மேற்பட்டது. ஆதிக்கம் செலுத்த வந்தவன் பொருளுக்குப் புதுப்பெயர் சூட்டிவிடுவது வரலாற்றில் புதுமையன்று.

இரும்புத் தாச்சியின் முகத்தைக் கொல்லன் பாதிதான் செய்கிறான். மீதியைச் செய்பவள் வீட்டுக்காரி. எண்ணெயை மெல்லிதாகப் பூசி, புகையும் வரை சூடேற்றி, ஆறவைத்து, மீண்டும் பூசிச் சூடேற்றினால், எண்ணெய் எண்ணெயாக நில்லாது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து, கறுத்து, இரும்போடு இறுகி, கண்ணாடி போன்ற ஒரு தோலாகிவிடுகின்றன. அந்தத் தோலில் முட்டை ஒட்டாது. எமது பெண்கள் இதனை எந்த இரசாயன நூலிலும் படிக்கவில்லை. சட்டி ‘எண்ணெய் குடிக்க’ வேண்டும் என்பார்கள். சவர்க்காரம் போட்டு உரசாதே என்பார்கள். பாரீசின் பெருஞ் சமையற்காரரும் தமது ஒம்லட் சட்டியைச் சவர்க்காரம் காட்டாது துடைத்து வைக்கும் வழக்கமுடையவர்களே. மோன்-சேன்-மிஷேல் என்னும் பிரெஞ்சுத் தீவிலே அன்னெத் பூலார் என்ற பெண் 1888இல் விடுதி நடத்தத் தொடங்கி, விறகு நெருப்பின்மேல் நீண்ட கைபிடியுள்ள சட்டியிற் பொரித்த ஒம்லட்டினாற் புகழ்பெற்றார். அங்கும் இங்கும் கைவண்ணம் ஒன்றுதான். அவருக்கு விளம்பரம் கிடைத்தது.

இவ்விடத்தில் எமது கரைக்கே உரிய சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தளம் தென்னை வளரும் நாடு. தேங்காய் எண்ணெய்தான் இங்கு எல்லாவற்றுக்கும். ஆனால் சட்டியைப் பழக்குவதற்கு அது ஏற்றதன்று. எண்ணெய் மூலக்கூறுகள் கோத்து இறுகுவதற்கு அவற்றிலே நிரம்பாத பிணைப்புகள் இருக்க வேண்டும். அதனை அளக்கும் அயடீன் எண் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 10. நல்லெண்ணெய்க்கோ 100க்கு மேல். தேங்காய் எண்ணெயாற் பழக்கிய தாச்சி பிசுபிசுக்கும், தோல் எளிதில் உரியும். ‘இரும்புத் தாச்சியில் முட்டை ஒட்டுது’ என்று சொல்லி அதனை மூலையிற் போட்டவர்களுள் பலருடைய குறை இரும்பில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. பழக்குவதற்கு நல்லெண்ணெய், பொரிப்பதற்குத் தேங்காய் எண்ணெய் என்று பிரித்துக்கொண்டால் சிக்கல் தீரும்.

நன்றாகப் பழகிய ஒரு தாச்சியில் பத்து, இருபது ஆண்டுகளின் உழைப்பு படிந்திருக்கிறது. கடையில் வாங்க முடியாத பொருள் அது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டு, அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலே தஞ்சம் புகுந்தபோது, வீடும் காணியும் நகையும் இழந்த கணக்குகள் பின்னர் எழுதப்பட்டன. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அத்தகைய வேளையில் சட்டியை யார் நினைப்பார்? ஓலைக் கொட்டிலில் மீண்டும் அடுப்பு மூட்டிய தாய்மார், பழகிய சட்டியைப் பழக்காத சட்டியிலிருந்து தொடங்க நேர்ந்தது. இழப்புகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை. எனினும் இதுவும் இழப்பே.

செம்பிலும் பித்தளையிலும் சமைத்தோர் வேறு வழியை நாடினர். புளி பட்டால் களிம்பேறும் அந்த உலோகங்களின் உட்புறத்தை வெள்ளீயத்தால் மூடினார்கள். ஈயம் பூசுபவர் துருத்தியோடு தெருவுக்கு வருவார். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவித் துடைத்து, ஈயக் கம்பியை உரசி, பஞ்சால் ஒரே வீச்சில் பரப்பிவிடுவார். கறுத்துக் கிடந்த பாத்திரம் வெள்ளி போல் மின்னும். தமிழகத்துத் தெருக்களிலே அண்மைக்காலம் வரை நிகழ்ந்த காட்சி இது. அது பழக்கிய தோலன்று, பூச்சுத்தான். எனினும் தேய்ந்த பூச்சைப் புதுப்பிக்கும் மனிதன் தெருவிலே இருந்தான். பாத்திரத்தை வீச வேண்டியதில்லை. அவனுக்கும் கூலி, வீட்டுக்கும் சிக்கனம். ஈயம் 232 பாகையில் உருகிவிடும் என்பதால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கலாகாது. இந்த எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு வடிவத்தில் அது திரும்பவும் வரும்.

அலுமினியத்தின் கதை இதற்கு முற்றிலும் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது விலையுயர்ந்த உலோகங்களின் வரிசையில் வைத்து எண்ணப்பட்டது. 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியிலே பெருமைக்காக அதனைப் பொருத்தினார்கள். 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியாக, மின்சாரத்தின் துணைகொண்டு அதனைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். விலை சரிந்தது. சரிந்த விலையில் கிடைத்த உலோகத்தைச் சட்டியாக்கும் முயற்சி, எம்மைப் பொறுத்தவரை, சென்னையிலே தொடங்கியது. அங்குள்ள கலைத்தொழிற் பள்ளியின் தலைவராயிருந்த அல்பிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் பகுதியொன்றை அமைத்தார். அத்தொழில் இலாபமீட்டி, 1903இல் இந்தியன் அலுமினியம் கம்பெனியிடம் விற்கப்பட்டது. சாட்டர்டன் அதனோடு நிற்கவில்லை. தோல் பதனிடுதல், கைத்தறி என்று அரசின் பணத்திலே புதுத் தொழில்களைத் தொடங்கிக் காட்டினார். சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்களுக்கு இது பொறுக்கவில்லை. முறையீடுகள் இலண்டனுக்குச் சென்றன. 1910இல் இந்திய மந்திரி மோர்லி, அரசு தொழில் நடத்தலாகாது, தொழிற்கல்வி அளித்து வழிகாட்டுவதோடு நின்றுகொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார். தாராளவாதி என்று பெயரெடுத்தவர் மோர்லி! குடியேற்ற நாட்டிலே தாராளம் யாருக்கு என்பதை அந்த ஓர் உத்தரவே காட்டிவிடுகிறது.

அலுமினியச் சட்டி ஏழையின் சட்டியானது. பாரம் குறைவு, விலை குறைவு, வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பைப்போல் மும்மடங்கு வேகம். விறகு குறைவாகச் செலவாகும். ஆனால் அதன் முகம் நன்றாகப் பழகாது; முட்டை ஒட்டும்; மெல்லிய தகடாயின் நெருப்புப் பட்ட இடத்தில் கருகி, விளிம்பில் வேகாது. கழிவு உலோகத்தைக் கண்டபடி உருக்கி வார்க்கும் சட்டிகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. கமரூன் நாட்டிலே அவ்வாறு செய்த சட்டிகளிலிருந்து காரீயம் உணவிற் கலப்பதை 2014இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. மலிவான சட்டிக்கும் எங்கோ ஒரு கணக்கு இருக்கிறது.

இனி அந்தக் கறுப்புப் பூச்சு. 1938 ஏப்ரல் 6ஆம் நாள், நியூஜெர்சியிலுள்ள டூபொண்ட் கம்பெனியின் ஆய்வுகூடத்தில் ரோய் பிளங்கெட் என்ற இளம் இரசாயனி ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை, ஆனால் உருளையின் பாரம் குறையவுமில்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே வெள்ளைத் தூள் இருந்தது. எந்த அமிலமும் அதனைத் தின்னவில்லை. எதுவும் அதனோடு ஒட்டவில்லை. அதன் முதற்பெரும் பயன் சமையலறையிலன்று. அணுகுண்டு செய்யும் திட்டத்திலே, உலோகங்களை அரிக்கும் யுரேனிய வாயுவைத் தாங்கும் அடைப்புகளுக்கு அது வேண்டியிருந்தது. ஹிரோஷிமாவுக்குச் சென்ற பாதையும் ஒம்லட்டுக்கு வந்த பாதையும் ஓரிடத்தில் சந்தித்தன என்றால் மிகையாகாது. போர் முடிந்தபின், 1954இல், மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் மீன்பிடிக் கருவிகளுக்காக அப்பொருளை அலுமினியத்தின்மேல் ஒட்டும் வழியைக் கண்டார். அதனைச் சட்டியிற் பூசிப் பாருங்கள் என்று சொன்னவர் அவருடைய மனைவி கொலெத். 1956இல் தெஃபால் கம்பெனி பிறந்தது. அடுப்பை அறிந்தவரின் யோசனை அது. கம்பெனியின் பெயரில் இடம்பெற்றவை டெஃப்லோனும் அலுமினியமும்.

இலங்கையில் 1977இல் சந்தை திறந்துவிடப்பட்ட பிறகு அயல்நாட்டுப் பொருள்கள் வந்து குவிந்தன. அதே காலத்தில் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லும் வழியும் திறந்தது. புத்தளம் மாவட்டத்துப் பெண்கள் பலர் சென்றனர். அயலார் வீட்டுக் குசினியிலே ஆண்டுக்கணக்காக ஒட்டாத சட்டிகளைக் கழுவியவர்கள், திரும்பி வரும்போது பெட்டியிலே ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வீண் பகட்டு என்று அதனை இகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. அதிகாலை எழுந்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பின்னர் கூலிக்கும் போகும் ஒருத்திக்குச் சுரண்டாமற் கழுவக்கூடிய சட்டி கால்மணி நேர ஓய்வைத் தருகிறது. அந்தக் கால்மணியை அவளுக்கு வேறு யார் தந்தார்கள்? குசினிப் பக்கம் தலைகாட்டாத ஆண்கள் ‘மண்சட்டிக் காலமே பொற்காலம்’ என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் அந்தக் கால்மணிக்கு விலை கொடுத்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். மேற்கு வேர்ஜினியாவின் பார்க்கர்ஸ்பேர்க் நகருக்கு அருகே, ஒஹாயோ நதிக்கரையில், டூபொண்டின் தொழிற்சாலை 1951 முதல் டெஃப்லோன் உற்பத்திக்குப் ‘பி.எஃப்.ஓ.ஏ.’ என்ற இரசாயனத்தைப் பயன்படுத்தியது. தொழிலாளரிடையே அதன் பெயர் ‘சி8’. உடலிற் புகுந்தால் எளிதில் வெளியேறாத பொருள் அது. மண்ணிலும் நீரிலும் அழியாதது. 1981இல், எலிகளிடம் செய்த ஆய்விலே பிறவிக்கோளாறுக்கான அறிகுறி தெரிந்ததும், கம்பெனி பெண் தொழிலாளரை அப்பகுதியிலிருந்து சத்தமின்றி அகற்றியது. தொழிற்சாலைக்கு வெளியிலிருந்த மக்களுக்கு எதுவும் அறிவிக்கவில்லை. அவர்கள் அதே நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளிச்சத்துக்குக் கொணர்ந்தவர் ஒரு விவசாயி. கம்பெனியின் கழிவுநிலத்தையடுத்து மாடு மேய்த்த வில்பர் டெனன்ட், மாடுகள் வரிசையாகச் சாவதைக் கண்டு, படம் பிடித்து, 1998இல் ரொபர்ட் பிலட் என்ற வழக்கறிஞரிடம் கொண்டுசென்றார். கம்பெனிகளுக்காக வாதாடிப் பழகிய சட்ட நிறுவனத்தில் இருந்தவர் பிலட். இம்முறை எதிர்ப்பக்கத்தில் நின்றார். வழக்கின் ஒரு விளைவாக ஏறத்தாழ 69,000 பேர் இரத்தம் கொடுத்தார்கள். அதனை ஆராய்ந்த விஞ்ஞானக் குழு 2012இல், சிறுநீரகப் புற்றுநோய், விதைப்புற்றுநோய், தைரொயிட் நோய், பெருங்குடல் அழற்சி, கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகைக் கொழுப்பு ஆகிய ஆறு நோய்களுக்கும் இவ்விரசாயனத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று முடிவு செய்தது. 2017இல் 3,550க்கு மேற்பட்ட வழக்குகளை முடிக்க டூபொண்டும் அதிலிருந்து பிரிந்த கெமூர்ஸ் கம்பெனியும் 67 கோடியே 10 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டன. 2019இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் பி.எஃப்.ஓ.ஏ. சேர்க்கப்பட்டது. 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்தது. டெனன்ட் அதற்கெல்லாம் முன்னரே, 2009இல் இறந்துவிட்டார்.

இங்கு ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். உரிந்த பூச்சின் துணுக்கு ஒன்று வயிற்றுக்குள் போனாலே புற்றுநோய் வந்துவிடும் என்ற பீதிக்கு ஆதாரமில்லை. அத்துணுக்கு செரிக்காமலே வெளியேறிவிடும். இக்கதையின் பெருங்கேடு சட்டியிற் சமைத்தவரைவிட, சட்டிக்குப் பூச்சு செய்த ஊராரையே தாக்கியது. பயன் ஓரிடத்தில், பாதிப்பு வேறிடத்தில். பி.எஃப்.ஓ.ஏ. கைவிடப்பட்டபின் அதற்குப் பதிலாக வந்த ‘ஜென்எக்ஸ்’ என்ற இரசாயனம் வட கரோலினாவின் கேப் பியர் நதியிலே, மக்கள் குடிக்கும் நீரிலே கலந்திருந்தது 2017இல் அம்பலமாயிற்று. பெட்டியின்மேல் ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லை’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது உண்மையாகவே இருக்கலாம். அதற்குப் பதிலாக என்ன இருந்தது என்பதை அதே எழுத்தில் அச்சிட மாட்டார்கள்.

சமைப்பவருக்குள்ள ஆபத்து வேறு. ஏறத்தாழ 260 பாகையைத் தாண்டினால் அப்பூச்சு சிதையத் தொடங்கும். மேலும் சூடேறினால் நச்சுப் புகை வரும். கூட்டிலுள்ள பறவைகளை அது கொன்றுவிடும். மனிதருக்குக் காய்ச்சல் போன்ற நோயைத் தரும். எரிவாயு அடுப்பிலே வெறுஞ்சட்டி சில நிமிடங்களில் அவ்வெப்பத்தை எட்டக்கூடும். ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்காதே என்ற பழைய எச்சரிக்கை திரும்பி வருகிறது. ஒரே ஒரு வேறுபாடு: இப்பூச்சு போனால் தெருவிலே துருத்தியோடு எவரும் வரப் போவதில்லை. சட்டியை வீசிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். கம்பெனிக்கு வேண்டியதும் அதுவே.

சட்டியை அடுப்பிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பதை 2022ஆம் ஆண்டு எமக்கு உணர்த்தியது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கரையோர மீனவரின் படகும் வீட்டின் அடுப்பும் ஒரே நாளில் அடிபட்டன. களப்புக்கு அப்பால் நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. இப்பால் இருளில் பெண்கள் பொச்சும் சிரட்டையும் பன்னாடையும் பொறுக்கி அடுப்பு மூட்டினார்கள். எரிவாயு அடுப்புக்கென்று வாங்கிய நொன்ஸ்டிக் சட்டிகளை அந்தக் கட்டுக்கடங்காத நெருப்பில் வைக்க முடியவில்லை. கைபிடி உருகியது, பூச்சுப் புகைந்தது. மூலையில் துருவேறிக் கிடந்த தாச்சியைத் தேடினார்கள். முட்டையும் அரிதாயிற்று. உச்சவிலை விதித்தும் அடங்காமல், 2023இல் அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. கொல்லைக் கோழியின் முட்டையைப் பொரித்து வளர்ந்த கிராமங்கள் கப்பலில் வந்த முட்டையைப் பார்த்து வியந்ததில் வியப்பில்லை.

ஆகவே இன்று வாங்குவோர் என்ன வாங்கலாம்? இரண்டு, மூன்று முட்டைக்கு அடிப்பாகம் ஒரு சாண் அகலமுள்ள, ஓரம் செங்குத்தாக நில்லாது சரிந்து எழும், மெல்லிய இரும்புத் தகட்டுத் தாச்சி போதும். சரிந்த ஓரமிருந்தால்தான் ஒம்லட்டை மடித்துப் பீங்கானில் வழுக்கிவிடலாம். வார்ப்பிரும்பும் நல்லதே, ஆனால் பாரம் மிகுதி, சூடேற நேரம் எடுக்கும், ஒரு முட்டைக்காக அவ்வளவு எரிபொருளை எரிப்பது கட்டுபடியாகாது. இரும்புத் தகடு பொச்சு நெருப்புக்கும் எரிவாயுவுக்கும் மின்காந்த அடுப்புக்கும் ஒன்றுபோல் ஒத்துவரும். துருப்பிடிக்காத உருக்குச் சட்டி பளபளக்கும். வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தம், முட்டைக்கு அதைப்போல் தொல்லை வேறில்லை. அடித்துக் கலக்க ஒரு முள்ளுக்கரண்டி போதும். மின்னால் சுழலும் கருவி வீண் செலவு. திருப்புவதற்கு மர அகப்பையோ சிரட்டை அகப்பையோ இருக்கட்டும். ஏற்கெனவே நொன்ஸ்டிக் வைத்திருப்பவர் அதனை எறிய வேண்டியதில்லை. வெறுமனே சூடாக்காது, எண்ணெய் விட்டபின் அடுப்பை மூட்டி, எண்ணெய் புகைந்தால் உடனே தீயைத் தணித்து, இரும்புக் கரண்டி காட்டாது, பூச்சு உரியும் வரை பயன்படுத்தலாம். அடுத்த முறை வாங்கும்போது யோசிக்கலாம்.

புதுத் தாச்சியைப் பழக்கும் முறை இதுதான். கடையில் பூசியிருக்கும் மெழுகையோ எண்ணெயையோ சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு ஒரேயொரு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போக உலர்த்த வேண்டும். நல்லெண்ணெயைத் துணியால் தொட்டு உள்ளும் புறமும் பூசி, பூசியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு, புகை எழுந்து அடங்கும் வரை சூடாக்கி, ஆறவிட வேண்டும். தடிப்பாகப் பூசினால் பிசுபிசுக்கும். இவ்வாறு ஐந்தாறு முறை. முதல் வாரம் முட்டையைத் தொடாமல் வெங்காயம், கருவேப்பிலை வதக்கி வருவது நல்லது. புளியும் தக்காளியும் அதில் காய்ச்சலாகாது. பின்னாளில் துருவேறிவிட்டால் செங்கல் தூளால் தேய்த்துக் கழுவி, மீண்டும் முதலிலிருந்து எண்ணெய் காட்டினால் சரியாகிவிடும். அரைநாள் வேலை, அதனை வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளும் செய்யலாம்.